நாற்பது கிலோ அதிகம்

உப்பு டப்பாவை வைப்பதற்கு முன்னால் எடைக்காரர் மெஷினின் இரும்புத் தட்டைத் துணியால் ஒரு முறை துடைத்தார். எண் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தார். பிறகு வைத்தார். எழுநூற்று இருபது கிராம். மூடியைத் திறந்து பாதி உப்பை வேறொரு பாத்திரத்தில் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். முந்நூற்றுத் தொண்ணூறு. அதை ஒரு துண்டுத் தாளில் எழுதி டப்பாவின் வயிற்றில் ஒட்டினார்.

"பதினோரு நாளைக்கு ரெண்டு பேருக்கு இதுவே தாராளம்," என்றார்.

"போறது கடலுக்கு. பத்தலைன்னா பார்த்துக்கலாம்," என்றார் மனைவி. எடைக்காரர் சிரிக்கவில்லை. எடை போடும்போது அவர் சிரிப்பதில்லை.

பார்சல் அலுவலகங்களில் தரையோடு தரையாக ஒரு தட்டை மெஷின் இருக்குமே, அதேதான். ஹாலின் நடுவில் ஒரு மாதமாகக் கிடக்கிறது. சாப்பாட்டு மேசையில் கடலோரச் சாலையின் வரைபடம் விரித்திருக்கிறது. ஏழு இடங்களில் பென்சில் வட்டம், ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு முகாம். பக்கத்திலேயே எங்கே ஏற்றம், எங்கே பாலம், எங்கே தண்ணீர் பிடிக்கலாம் என்ற குறிப்புகள். கணவனும் மனைவியும் ஒரு மாதமாகத் தட்டை மடியில் வைத்துத்தான் சாப்பிடுகிறார்கள்.

வாசலில் நிற்கிறது புது டிரெய்லர். காரின் பின்னால் கோத்து இழுத்துப் போகிற குட்டி வீடு. இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கைகழுவ ஒரு தொட்டி, அலமாரி அகலத்தில் ஒரு கழிப்பறை. வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டம்மா, "ஷூட்டிங் வண்டி மாதிரி இருக்கே, யாரு ஹீரோ, யாரு ஹீரோயின்?" என்று கேட்டுவிட்டுப் போனார். மனைவிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அன்று சாயங்காலம் நாலு தடவை உள்ளே ஏறி ஜன்னல் திரையை இழுத்து இழுத்துப் பார்த்தார்.

எடைக்காரருக்கு அந்தப் பெயர் வந்தது உத்தியோகத்தால். கல் குவாரியின் வாசலில் இருக்கும் எடைமேடையில் முப்பத்து மூன்று வருஷம். லாரி ஏறி நிற்கும், இவர் கண்ணாடிக் கூண்டுக்குள்ளிருந்து எண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதுவார். ஒவ்வொரு லாரி இறங்கியதும் கூண்டை விட்டு வந்து மேடையில் விழுந்த சேற்றைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டுத்தான் அடுத்த லாரியைக் கூப்பிடுவார். "ஒருத்தன் விட்டுட்டுப் போனதை இன்னொருத்தன் தலையில கட்டக் கூடாது" என்பார். மழையானாலும் சரி, வாசலில் இருபது லாரி ஹாரன் அடித்தாலும் சரி.

ஒரு தடவை ஒரு டிரைவர், குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, நாற்பது கிலோதானே அதிகம், விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எடைக்காரர் விடவில்லை. ஆனால் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, அவனோடு சேர்ந்து நாற்பது கிலோ கல்லைத் தானும் கையால் இறக்கினார். அப்படிப்பட்ட மனிதர். பத்து பைசா லஞ்சம் வாங்கினார் என்று எதிரிகூடச் சொல்ல மாட்டான். தங்கமான மனுஷன் என்று ஊரே சொல்லும். ஊருக்கு என்ன, ஊரா அவரோடு குடித்தனம் நடத்தியது?

மகள் பிறந்த அன்று நர்ஸ் வந்து எடை சொன்னபோது இவர் கேட்ட முதல் கேள்வி, "துணியோட போட்டீங்களா, துணியைக் கழிச்சீங்களா?" மறுபடி போட வைத்தார். நூற்றுப் பத்து கிராம் குறைந்தது. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்வார். அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றுகொண்டே வேலை பார்த்த மனைவி, இந்தக் கதை வரும்போது எழுந்து உள்ளே போய்விடுவார்.

அந்த நின்ற வேலை அவர் முழங்கால் இரண்டையும் தின்றுவிட்டது. அடுத்த மாதம் ஆபரேஷன், தேதி கொடுத்தாகிவிட்டது. அதற்கப்புறம் ஆறு மாதம் நீண்ட பயணமே கூடாது, பிறகு எப்படி இருக்கும் என்பது பிறகுதான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஆகவே போனால் இந்த வியாழக்கிழமை போக வேண்டும். இல்லையென்றால் இல்லை.

மனைவி கடலைப் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில், "கோடை வரட்டும், கடலைக் காட்டறேன்," என்றார் எடைக்காரர். கோடையில் குவாரிக்கு லாரி இரண்டு மடங்கு. அடுத்த கோடையும் அப்படியே. இப்படியே முப்பத்தோரு கோடை ஓடிவிட்டது. இப்போது இரண்டு பேரும் ஓய்வு பெற்றாகிவிட்டது, டிரெய்லர் வாசலில் நிற்கிறது. மனைவி கேட்டது ஒன்றே ஒன்று, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அலை வந்து கால் நனைக்கிற இடத்தில் போட்டு உட்கார.

"மணல்ல உட்கார்ந்தா என்னைத் தூக்க உங்க குவாரியிலேர்ந்துதான் கிரேன் வரணும்," என்றார்.

எடைக்காரர் நாற்காலியைக் கவிழ்த்து மெஷினில் வைத்தார். இரண்டு கிலோ எண்ணூறு. எழுதிக்கொண்டார்.

காரும் டிரெய்லரும் சாமானும் இரண்டு ஆட்களும் சேர்ந்து இரண்டாயிரத்து நானூறு கிலோவைத் தாண்டக் கூடாது என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கிறது. நியாயமான விஷயம்தான். தாண்டினால் இறக்கத்தில் பிரேக் பிடிக்காது. எடைக்காரர் பட்டியல் எழுதினார். கார், டிரெய்லர், தண்ணீர், பெட்ரோல், பாத்திரம், போர்வை. நடுவில் 'நான், 63.2' என்று ஒரு வரி. அதற்கு அடியில் 'மனைவி, 71.4' என்று ஒரு வரி. ஞாயிறுதோறும் மனைவியை மெஷினில் ஏற்றி அந்த எண்ணைச் சரிபார்ப்பார். மனைவியும் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி நிற்பார். "சுவரை விடு, எண் ஆடுது" என்பார் இவர்.

புதன்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஏற்றி, டிரெய்லரைக் கோத்து, மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நேராகப் பழைய குவாரிக்கு ஓட்டினார். கூண்டுக்குள் இப்போது ஓர் இளம்பெண் இருக்கிறாள். மேடையில் சேறு கிடந்தது. எடைக்காரர் காரை வெளியே நிறுத்திவிட்டு, மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து, மேடை முழுவதையும் பெருக்கிவிட்டு வந்து காரை ஏற்றினார். அந்தப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள்.

சீட்டில் இரண்டாயிரத்து நானூற்று நாற்பது என்று வந்தது.

"நாப்பது கிலோதானே அய்யா," என்றாள் அவள். "அம்மாவைக் கூட்டிட்டு ஜம்முனு போயிட்டு வாங்க. யாரு பிடிக்கப் போறா?"

"நான் பிடிப்பேம்மா," என்றார் எடைக்காரர். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெண் வேலைக்கு லாயக்கில்லை என்பதையே பேசிக்கொண்டு வந்தார். மனைவி மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தார்.

மத்தியானம் டிரெய்லரிலிருந்து சாமான் இறங்கியது. மனைவியின் முதுகுக்குப் போடும் மெத்தை, ஆறு கிலோ நூறு. அவர் பையிலிருந்து ஸ்வெட்டர், இரண்டு புடவை, வெந்நீர் ஒத்தடப் பை, எல்லாமாக நாலு கிலோ நானூறு. இரும்புச் சட்டி, இரண்டு கிலோ நூறு. கடைசியாக அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. ஷெட்டிலேயே விட்டுவைத்திருந்த உபரி பேட்டரியைக் காட்டி எடைக்காரர், "இதை நான் அப்பவே விட்டுட்டேன், தெரியுமில்ல? நானும்தான் விட்டுக் கொடுக்கறேன்," என்றார். இன்னும் இருபத்து நாலு கிலோ அறுநூறு பாக்கி இருந்தது.

மனைவி அந்தப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். சலவைக்கூடத்தில் தினம் இரண்டாயிரம் உருப்படி எண்ணியவர். கணக்கு அவருக்கும் வரும்.

"உங்க டூல்ஸ் பெட்டி பதினெட்டரை. ரெண்டாவது ஜாக்கி ஏழரை. ரெண்டும் சேர்ந்து இருபத்தாறு. அதை எடுத்தா சரியாப் போச்சே."

"அது பாதுகாப்பு."

"ஒரு ஜாக்கிதான் இருக்கே."

"அது கெட்டுப்போச்சுன்னா?"

"என் முட்டி ஏற்கெனவே கெட்டுப்போச்சுங்க. நாற்காலியை மட்டுமாவது திரும்ப ஏத்துங்க."

எடைக்காரர் பென்சிலைக் காதில் செருகினார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம்தான். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கொஞ்ச நேரம் வரைபடத்தையே பார்த்திருந்துவிட்டு, அதைப் புரட்டிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே அவருடைய குண்டு குண்டான எழுத்தில் பஸ் நேரங்கள். வீட்டிலிருந்து முதல் முகாம், முதல் முகாமிலிருந்து இரண்டாவது, அப்படியே ஏழு வரைக்கும். எங்கே மாற வேண்டும், எத்தனை நிமிஷம் காத்திருக்க வேண்டும், எல்லாம் இருந்தது.

"கோவிச்சுக்காம கேளு. நீ பஸ்ல வந்துடு. உன் பையை நானே வண்டியில கொண்டு வந்துடறேன். ஸ்டாண்டுல வந்து உன்னைக் கூப்பிட்டுக்கறேன். பஸ் சீட்டு நம்ம கார் சீட்டை விட மெத்துனு இருக்கும்."

மனைவி அந்தப் பின்பக்கத்தை மேலிருந்து கீழ்வரை படித்தார். அது இன்று எழுதியதல்ல. பென்சில் பல இடங்களில் மங்கி, மேலே மறுபடி எழுதியிருந்தது. ஒரு மாதம் மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டது இந்தத் தாளுக்கு எதிரில்தான்.

"எப்ப எழுதுனீங்க?"

"சும்மா, ஒரு முன்னேற்பாடு."

"முப்பத்தோரு வருஷம் கழிச்சுக் கடலைக் காட்டறேன்னு சொல்லிட்டு, என்னைத் தனியா பஸ்ல அனுப்பறீங்க."

"நான் ஏன் அனுப்பறேன்? எடை அனுப்புது."

இதை அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. மனைவி வாக்குவாதம் செய்யவில்லை. எழுந்து போய்த் தன் தங்கைக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். எடைக்காரர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, டிரெய்லர் சக்கரங்களில் காற்றுப் பார்க்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவர் மேசையில் உட்கார்ந்து பட்டியலைச் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டிருந்தார். மனைவி குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்தார். ஒரு தோளில் பை. இன்னொரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி. அப்படியே போய், யாரும் சொல்லாமலேயே, சுவரைப் பிடிக்காமல் மெஷின்மேல் ஏறி நின்றார்.

"பாருங்க. எவ்வளவு?"

எடைக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "எண்பத்திமூணு அறுநூறு." மனசுக்குள் கழித்துப் பார்த்தார். "பையில எல்லாத்தையும் மறுபடி வெச்சிருக்க."

"ஆமா. பஸ்ல யாரும் எடை போட மாட்டாங்க."

இறங்கினார். நாற்காலியைச் சுவரோரம் சாய்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"ஏழு மணி வண்டியில போறேன். முதல் ஊர்லயே தங்கச்சி வந்து நிப்பா. தண்ணியில காலை வெச்சுட்டு ஆசை தீர உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அவ வீட்டுக்குப் போயிடுவேன். ஆபரேஷனுக்கும் அவளே கூட வர்றாளாம். நீங்க ஸ்டாண்டுல வந்து தேடாதீங்க."

"அப்ப ரெண்டாவது முகாமுக்கு?"

"நீங்க போங்க. நல்லாப் பார்த்துட்டு வாங்க."

"திரும்ப வீட்டுக்கு எப்ப வருவ?"

மனைவி நாற்காலியைக் கையில் கோத்துக்கொண்டு, டிரெய்லரை ஒட்டி ஒவ்வொரு அடியாக நடந்து, கேட்டைத் திறந்து வெளியே போனார். கேட்டைச் சாத்தும்போது நாற்காலிக் கால் ஒரு முறை கம்பியில் இடித்தது.

எடைக்காரர் வாசல்வரை வந்து பார்த்தார். தெருமுனை திரும்பும்வரை நின்றார். கூப்பிட வாயெடுத்த மாதிரிதான் இருந்தது. ஆனால் கையில் பட்டியல் இருந்தது. குனிந்து அதைப் பார்த்தார். உள்ளே வந்து, மேசையில் உட்கார்ந்து, 'மனைவி, 71.4' என்ற வரியை ஸ்கேல் வைத்து அடித்தார். அடுத்து 'மனைவியின் பை, 5.0'. அடிவரை கூட்டினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், இரண்டு முறை. ஐம்பத்தொரு கிலோ எண்ணூறு மிச்சம்.

பிறகு எழுந்து ஷெட்டுக்குப் போய், விட்டுவைத்திருந்த அந்த உபரி பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி, மூச்சு வாங்கக் கொண்டுவந்து மெஷின் பக்கத்தில் இறக்கினார். தட்டில் இரண்டு ஈரப் பாதச் சுவடுகள் அப்படியே இருந்தன. எடைக்காரர் தோளிலிருந்த துணியை எடுத்து அவற்றை விரல் விரலாகத் துடைத்தார். எண் பூஜ்யத்துக்கு வரும்வரை காத்திருந்தார்.