முதுகில் தம்ளர் ஒட்டிய ருஷ்ய நர்ஸம்மா

ருஷ்யாவில் சக்கரவர்த்தியைக் கவிழ்த்த பிறகு நடந்த சண்டையில் ஊரை விட்டு ஓடியவர்களில் ஒரு சின்னக் கூட்டம், சைனாவைச் சுற்றிக்கொண்டு ரங்கூனில் வந்து இறங்கியது. மிங்கலா தாங்ஞுன்ட் என்கிற பேட்டையில், ரயில் பாதையோரத்துத் தகரக் கொட்டகையில் அவர்களைத் தங்க வைத்தார்கள். மருந்து கொடுக்கப் போன கம்பவுண்டர் அடியேன். மகா தைரியசாலி, பல்லி விழுந்தால் மட்டும் கத்துவேன்.

அங்கே ஒரு கிழவருக்கு மார்ச்சளி. மூச்சு ரம்பம் மாதிரி அறுத்தது. "இன்றைக்குத் தாண்டினால் பிழைப்பார்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். நான் புகட்டிய மிக்ஸ்சர் முழுக்கக் கிழவரின் தாடிக்குத்தான் போனது.

அந்தக் கூட்டத்திலேயே ஒரு நர்ஸம்மா இருந்தார். அவருக்கும் வீடில்லை, மாற்றுத்துணியில்லை. ஆனால் கொட்டகையில் யார் இருமினாலும் அவர்தான் எழுந்து போவார். எதிர் டீக்கடையில் கண்ணாடித் தம்ளர்களை இரவல் வாங்கிவந்து, கிழவரைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகில் வாஸலின் களிம்பு தடவினார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தினார்.

வலிப்பு, காமாலை எது வந்தாலும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு போடுகிற ஜனங்களிடையே வளர்ந்தவன் நான். "ஐயோ, கிழவருக்குச் சூடு!" என்று அலறி, வாளித் தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். கிழவர் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. நர்ஸம்மா உச்சி முதல் பாதம் வரை நனைந்து நின்றார்.

என்னோடு வந்து கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா நிமிர்ந்தாள். "ஏன் கம்பவுண்டரே, கொட்டகையா எரியுது?"

நர்ஸம்மா கோபிக்கவில்லை. மறுபடி பஞ்சைக் கொளுத்தி, ஒரு தம்ளருக்குள் காட்டி எடுத்து, என் கையைப் பிடித்து அதில் கவிழ்த்தார். நான் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டேன்.

"தொறங்க சாமி, கை இருக்கு" என்றாள் ஆயா.

சுடவேயில்லை. தோல் பணியாரம் போல் தம்ளருக்குள் உப்பியிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு கிழவர் முதுகெல்லாம் அதேபோல் தம்ளர். சளியை இழுக்கிற வைத்தியமாம். அவற்றை எடுத்ததும் கிழவரை நிமிர்த்தித் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஆவி பிடிக்கவைத்து, முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார் அந்த அம்மா. ஈர உடை உடம்பிலேயே காய்ந்தது. சாயங்காலம் கிழவர் கட்டி கட்டியாகச் சளியைத் துப்பினார். ரம்பச் சத்தம் அடங்கியது. தம்ளர் இழுத்ததா, ஆவி இளக்கியதா, எனக்குத் தெரியாது. அந்த அம்மா இடத்தை விட்டு அசையவில்லை என்பது தெரியும்.

கிழவர் கண் திறந்து ஏதோ சொன்னார். பாஷை புரியவில்லை, நர்ஸம்மா சிரித்தது புரிந்தது. கிழவரைப் படுக்கவைத்துவிட்டு, தகரச் சுவரில் சாய்ந்தவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.

நான் வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வர முயன்ற அத்தனை பேரையும் உதட்டில் விரல் வைத்து விரட்டினேன்.