ஸ்பானிஷில் ஒரு பகிடி

"அப்பா, ஞாயிற்றுக்கிழமை வாங்கோ. ஒரு விஷயம் இருக்கு."

போனில் மகள் அனெற்றா இவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பி வரப் போகிறாளோ?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவளைத் தெரிந்திருக்கும். பலெர்மோவில் பிறந்தவள். வெளியே இத்தாலியன், வீட்டுக்குள் தமிழ் என்று வளர்ந்தவள். சென்ற வருடம் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். மடம் ஒன்றும் தூரத்தில் இல்லை... வியா மக்வேதா தெருவிலிருந்து பிரியும் ஒரு ஒழுங்கைக்குள்தான்.

ஆனால் அங்கே இருக்கும் சிஸ்டர்மார் மெக்சிக்கோ, கொலம்பியாக்காரர். பயிற்சி முடிந்ததும் இவளையும் அந்தப் பக்கம் அனுப்புவார்கள். ஆகவே வாசலைத் தாண்டினால் ஸ்பானிஷ் மட்டும்தான். இத்தாலியன் தெரிந்தவர்களும் அவளோடு அதைப் பேசுவதில்லை. அப்போதுதான் மொழி வருமாம்!

என் மனைவி அங்கே வருவதே இல்லை. "வந்தால் கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்திடுவன்" என்பாள்.

நான் வேலை செய்யும் லிபெர்த்தா தெரு வீட்டுக்கார அம்மா, அந்தச் சிஞ்ஞோராவுக்கு மதியச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வரவேற்பறையில் மகள் காத்திருந்தாள். மெலிந்திருந்தாள்.

"என்ன பிள்ளை விஷயம்?"

"சிரிக்கக்கூடாது. போன கிழமை மதர் 'சலீர்' எண்டு ஏதோ சொன்னா. இத்தாலியனிலை 'சலீரே' எண்டால் ஏறுறதுதானே? நான் மொட்டை மாடிக்கு ஏறிட்டன். ஸ்பானிஷிலை அது வெளியிலை போறதாம்! எல்லாரும் பூசைக்குப் போயிட்டினம். நான் மேலை தனிய நிண்டுகொண்டு பொலிதேயாமா தியேட்டர்ப் பக்கம் பாத்தனான்... எங்கடை வீடு எங்கை எண்டு."

நான் சிரிக்கவில்லை.

"எனக்கு ஸ்பானிஷிலை நன்றி சொல்லத் தெரியும், மன்னிப்புக் கேக்கத் தெரியும். கோவிக்கத் தெரியாது அப்பா. நல்ல பிள்ளையா இருந்து இருந்து களைச்சுப்போனன். என்னோடை ஒருக்காச் சண்டை பிடியுங்கோ."

விஷயம் இதுதானா?

சரி, மகள் ஆசைப்பட்டுக் கேட்கிறாள். "உன்ரை அறையிலை கிடக்கிற சப்பாத்துகளை ஆர் அடுக்கிறது?" என்று தொடங்கினேன்.

"நீங்கள் மட்டும் என்ன, தேத்தண்ணிக் கோப்பையை வைச்ச இடத்திலையே விடுறேல்லையோ?"

நன்றாகத்தான் போனது. எந்த இடத்தில் விளையாட்டு வினையானது என்று தெரியவில்லை.

"எங்களிட்டை ஒரு சொல்லுக் கேட்டனீயே? எல்லாத்தையும் முடிவெடுத்திட்டுத்தானே வந்து சொன்னனீ!" — என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது.

"கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ?"

"மாட்டன்!"

"அப்ப?"

அவள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

கதவு மெல்லத் திறந்தது. கொலம்பியாக்கார சிஸ்டர் ஒருவர் பயந்துபோய் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு படபடவென்று ஸ்பானிஷில் ஏதோ சொன்னாள். அவ்வளவுதான்... அந்த சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்!

"என்ன சொன்னனீ?"

"சண்டை இல்லை, எங்கடை ஆக்கள் சமாதானமாக் கதைக்கிறதே இப்பிடித்தான் எண்டு சொன்னனான்."

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் ஏதோ அறுந்தது.

பரீட்சையில் பாஸ் பண்ணுவதாலா ஒரு மொழி நம்முடையதாகிறது? அழுகையின் நடுவில் அந்த மொழியில் பகிடி விட வந்துவிட்டால், அங்கே குடியேறியாயிற்று என்று அர்த்தம். நான்கூட இத்தனை வருடத்தில் இத்தாலியனில் ஒருவரையும் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. என் மகள் இனி வீட்டுக்கு வரமாட்டாள்.

வீட்டில் மனைவி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"எப்ப வாறாளாம்?"

"நல்லா இருக்கிறாள்" என்றேன்.

"நான் கேட்டது அதில்லை" என்றுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பிள்ளைகள் நல்லாயிருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் வேண்டிக்கொள்கிறோம்... எங்கே என்று சேர்த்துச் சொல்லத்தான் மறந்துவிடுகிறோம்!