மூலக்குளத்து முக்கோண மனை

மதியம் ஆன்லைன் வகுப்பில் பைத்தான் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று பக்க அளவுகளைக் கொடுத்தால், அது என்ன வகை முக்கோணம், பரப்பளவு எவ்வளவு என்று சொல்லும் புரோகிராம் எழுத வேண்டும்.

எழுதிவிட்டு மூன்று, நான்கு, ஐந்து என்று கொடுத்துப் பார்த்தேன். 'செங்கோண முக்கோணம்' என்றது. பெருமை தாங்கவில்லை.

அந்த ஜோரில், மூலக்குளத்தில் நாங்கள் வாங்கப்போகும் முக்கோண மனையின் அளவையும் கொடுத்தேன். புரோக்கர் சொன்ன அளவுதான்: முப்பத்தைந்து அடி, இருபது அடி, அறுபது அடி.

'இது முக்கோணமே இல்லை' என்று வந்தது.

கூட்டிப் பார்த்தேன். சின்னப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தே ஐம்பத்தைந்துதான். அறுபதடிப் பக்கத்தின் மேல் அவை எப்படி முட்டி நிற்கும்?

புரோக்கருக்குப் போன் போட்டேன். "அண்ணே, நீங்க சொன்ன அளவுல முக்கோணமே வராதுண்ணே."

"கம்ப்யூட்டர் சொல்றதையெல்லாம் ஏம்மா நம்புறீங்க? நேர்ல வந்து பாத்தீங்கல்ல, மூணு மூலையும் இருந்துச்சா இல்லியா?"

நாங்கள் பார்த்தது இரண்டு மூலைதான். மூன்றாவது மூலைப் பக்கம் போகவிடாமல் முள் மண்டிக் கிடந்தது.

மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிப்டில் இருந்த கணவரிடம் போனில் சொன்னேன். "நாளைக்குப் பத்திரம் பதியணும், இப்பப் போயி குழப்பாத. நீ கத்துக்க ஆரம்பிச்சே ஒரு வாரந்தான ஆவுது? நீதான் தப்பா எழுதியிருப்ப" என்றார்.

அப்போதிலிருந்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். கோடிங் தெரிந்தவர்கள் யாராவது கொஞ்சம் பாருங்கள். என் புரோகிராமில் ஒரே ஒரு தப்பாவது கண்டுபிடித்துக் கொடுங்கள், புண்ணியமாகப் போகும்.