தண்ணீர் அவங்களுது, மீன் பாயுது

அப்பாவைக் கடலூரிலிருந்து அழைத்து வந்த அன்று டிரங்குப் பெட்டியைக் கண்டக்டர் வாங்கி பஸ் கூரைமேல் போட்டார். மூங்கில் தூண்டிலை மட்டும் அப்பா யாரிடமும் கொடுக்கவில்லை. இரண்டு சீட்டுக்கு நடுவே சாய்த்து வைத்துக்கொண்டு, யாராவது கால் நீட்டினால் முறைத்தார். பக்கத்தில் நானும் என் வீட்டுக்காரரும் அவர் யாரோ எவரோ என்பதுபோல உட்கார்ந்து வந்தோம்.

எழுபதுகளின் கடைசி அது. நான் திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளியில் டீச்சர். அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். ஒருநாள் ஸ்டவ்வைப் பற்ற வைத்துவிட்டு, அதை மறந்து மீன் பிடிக்க ஆற்றுக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்து அணைத்தார்கள். அந்தச் செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஒரே பயம். இனி அவரை அந்த வீட்டுக்குத் தனியாக அனுப்பக் கூடாது. ஆனால் அவரோ வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"ஆடி முடியட்டும், போயிடறேன். கடலும் இல்ல, ஆறும் இல்ல. இந்த ஊர்ல நான் என்னாத்தப் பண்றது?"

தண்ணீர் இல்லாத ஊரா இது? மலையைச் சுற்றி எத்தனை குளம்! மறுநாள் காலையில் அதைத்தான் அப்பாவும் கண்டுபிடித்தார். செங்கம் ரோட்டில் நடந்து போய், முதலில் கண்ணில் பட்ட தீர்த்தத்தின் படியில் உட்கார்ந்து தூண்டிலைப் போட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் கூட்டம் கூடிவிட்டது. பூ விற்கிற அம்மா ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கத்த ஆரம்பித்தாளாம்.

"யோவ் பெரியவரே! சாமி கொளத்துல தூண்டில் போடறியே, நீ நல்லா இருப்பியா?"

"பிடிக்கக் கூடாதுன்னு போர்டு எங்கம்மா இருக்குது?"

"போர்டு எதுக்குய்யா? ஊருக்கே தெரியும்!"

அவளே அவரை வீடுவரை கூட்டி வந்து என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். கீழே விழுந்த சாமானை எடுத்துக் கொடுப்பது மாதிரி. பள்ளிக்கூடத்தில் ஒரு வாரத்துக்கு நான் 'தூண்டில்காரர் பொண்ணு'. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அப்பா அன்று சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதும் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. சரி, இந்த ஊரில் ஒரு மனுஷன் எங்கேதான் தூண்டில் போடலாம் என்று நானே விசாரிக்கக் கிளம்பினேன்.

வேங்கிக்கால் பக்கம் இப்போது கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. அப்போது ஏரியும் வயலும்தான். ஏரியைப் பார்த்துக்கொள்கிற ஆபீசுக்குப் போனேன். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒரு டீச்சர் வந்து மீன் பிடிக்க வழி கேட்டால் எப்படி இருக்கும்? அங்கிருந்த குமாஸ்தா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"தண்ணி எங்களுதுங்க. மீனு எங்களுது இல்ல. பஞ்சாயத்துல கேளுங்க."

பஞ்சாயத்து ஆபீசில் கேட்டேன். "மீனை ஏலத்துல விட்டாச்சும்மா. இந்த வருஷம் ஆணிக்கடை பாய் எடுத்திருக்காரு. அவரு சொல்றதுதான் சட்டம்."

கடைத்தெருவில் ஆணி, பூட்டு, தகரம் விற்கிற பாயிடம் போனேன். எனக்குத் தெரிந்தவர்தான். அவர் மகள் என்னிடம் படித்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு தாடியைத் தடவிக்கொண்டே யோசித்தார்.

"டீச்சரம்மா, ஒரு தூண்டில்ல என்ன கம்மி ஆயிடப் போவுது? ஆனா ஒருத்தருக்கு விட்டா ஊரே வந்து நிக்கும். ஒண்ணு செய்யலாம். கட்லா, ரோகு நான் குஞ்சு வாங்கி விட்டது. அது மாட்டுச்சுன்னா திரும்பத் தண்ணில விட்டுடணும். விரால், கெளுத்தி தானா வந்தது. அது ஆண்டவன் குடுத்தது, எடுத்துக்கட்டும்."

இதைச் சொன்னதும் அப்பா குதித்தார். "மாட்டின மீனைத் திரும்ப விடறதா? எந்த ஊர் நியாயம் இது?" குதித்துவிட்டு, விடிந்ததும் மண்புழு டப்பாவோடு கிளம்பினார்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். அப்பாவின் தூண்டிலில் கட்லாவாகவே மாட்டியது. பெரிய பெரிய கட்லா! பாயின் காவல்காரன் கரையில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டே, "உடுங்க நைனா, உடுங்க" என்பானாம். அப்பா திட்டிக்கொண்டே விடுவாராம். நான் தினமும் புளி ஊற வைத்துக் காத்திருப்பேன். அவர் வெறுங்கையோடு வருவார். "பொண்ணு வீட்டுக்கு ஒரு மீன் கொண்டாந்து போட வக்கில்ல. உக்காந்து தின்னுட்டு இருக்கேன்" என்றார் ஒருநாள். அன்று ராத்திரி பெட்டியில் வேட்டிகளை மடித்து அடுக்குவதைப் பார்த்தேன்.

கடைசியில் ஒருநாள் மாட்டியது பாருங்கள், முழங்கை நீளத்துக்கு ஒரு விரால்! தண்ணீர் நிரப்பிய குடத்தில் போட்டு, கடைத்தெரு வழியாக வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு வந்தார். ஆணிக்கடையில் நின்று பாயிடம் காட்டிவிட்டுத்தான் வந்தார். வாசலிலேயே, "புளியைக் கரை!" என்று சத்தம்.

அன்றைக்கு ஆடிக் கிருத்திகை.

ஊர்ச் சட்டமெல்லாம் கேட்டு வந்து ஒப்பித்த எனக்கு வீட்டுச் சட்டத்தைச் சொல்லத் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் விபூதி பூசிக்கொண்டு விரதம் இருக்கிறார். அடுப்பில் மீன் ஏறாது. அப்பாவின் முகம் அப்படியே விழுந்துவிட்டது.

"விரால் சாவாது மாமா. தொட்டில போட்டு வைங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர், பாவம்.

கொல்லையில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் விட்டோம். மறுநாள் ஆடி வெள்ளி. அதற்கடுத்தது சனிக்கிழமை, என் வீட்டுக்காரருக்கு வேண்டுதல். ஞாயிறன்று தெரு மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு அவிழ்க்கும்வரை தெருவிலேயே கவுச்சி வாசனை கூடாது. நடுவில் அமாவாசை வேறு!

"இந்த ஊர்ல மீன் பிடிக்கறதும் கஷ்டம், பிடிச்ச மீனைத் தின்றதும் கஷ்டம்" என்று அப்பா புலம்பினார். புலம்பிக்கொண்டே தினமும் கொல்லையில் புழு தோண்டினார். விரால் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்று தொட்டியின் மேல் முறத்தைக் கவிழ்த்துக் கல் வைத்தார். வெயில் ஏறினால் சாக்கை நனைத்துப் போட்டார். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தால், "இன்னிக்கு என் கையிலயே வந்து புழு எடுத்துச்சு" என்பார். நான் உம் கொட்டிவிட்டு, ஆடி முடிய இன்னும் எத்தனை நாள் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் மசாலா அரைத்து வைத்துவிட்டு அரிவாள்மனையோடு கொல்லைக்குப் போனேன். அப்பா தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"எதுக்கு அருவாமணை?"

"மீன் ஆயத்தாம்ப்பா."

"இன்னிக்கு என்னா நாளு தெரியுமா? சஷ்டி!"

"நமக்கு சஷ்டியெல்லாம் கெடையாதுப்பா."

"இனிமே உண்டு" என்றார்.

அரிவாள்மனையைச் சுவரோரம் சாய்த்து வைத்தேன். அவரே குனிந்து முறத்தைச் சரிபண்ணிக்கொண்டே சொன்னார்.

"நான் போயிட்டா இதுக்கு யாரு புழு தோண்டுவா? உன் வீட்டுக்காரருக்கு மம்மட்டி புடிக்கத் தெரியுமா? போ, அந்தப் பொட்டியத் தூக்கி பரண்ல போடச் சொல்லு. நடை வழில காலத் தடுக்குது."

அரைத்த மசாலாவைக் கத்தரிக்காயில் போட்டுக் குழம்பு வைத்தேன். ஒரு குறையும் சொல்லாமல் அப்பா இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.