ஆயுத பூசையன்று ஓடிய கோம்பர்

எங்கள் பக்கத்தில் எலக்ட்ரானிக் இசை என்ற பெயரே தெரியாத காலத்தில், கேட்ட மாத்திரத்தில் அது எனக்குப் பிடிபட்டுவிட்டது. காலேஜ் படித்த பையன்களுக்குக்கூடப் பிடிபடவில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. தற்பெருமை என்றால் தற்பெருமைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். பட்டாளத்தில் இருந்த என் வீட்டுக்காரர் லீவில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது ஒரு கேசட் கொண்டுவந்தார். கூட வேலை பார்த்த வடக்கத்திக்காரர் கொடுத்ததாம். அட்டையில் ஆள் முகம் இல்லை, ஊதாவும் பச்சையுமாக வெறும் கோடுகள். டேப்பில் போட்டுவிட்டு, "ரெண்டு பக்கமும் கேட்டுட்டேன். பாட ஒரு ஆள் இல்லட்டி, வெறும் சத்தம். நல்லா ஏமாத்திட்டான்" என்றார்.

நான் அடுப்படியில் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தேன். முதலில் டம் டம் என்று ஒரே சீரான அடி. நான் வேலை பார்த்த நூல் மில்லில் பஞ்சைச் சீவும் கோம்பர் மிஷின் அப்படித்தான் அடிக்கும். அதற்கு மேல் மெல்லிசாக ஒரு இரைச்சல் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. நூல் சுற்றிய குழாய்களைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் நாங்கள் நூற்கும் ரிங் பிரேம் அப்படித்தான் வேகம் பிடிக்கும். திடீரென்று எல்லாம் நின்றது. கரண்டு போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன், எரிந்துகொண்டுதான் இருந்தது. அடுத்த நொடி எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து விழுந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரண்டியோடு வெளியே வந்து, "இது எங்க மில்லுல்லா!" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்துல கெடந்துட்டு, வீட்லயும் அதையா கேப்ப?"

கேட்டேன். தினமும் கேட்டேன். மில்லில் அந்தச் சத்தம் எங்களை ஓட்டும். இந்தக் கேசட்டிலோ யாரோ ஒருத்தர் அந்தச் சத்தத்தையே ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த வித்தியாசம் எனக்கு அம்புட்டுப் பிடித்திருந்தது.

ராஜபாளையத்தில் எங்கள் மில் ஆயுத பூசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. மிஷினையெல்லாம் கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி நிறுத்திவிடுவார்கள். குடும்பத்தோடு எல்லாரும் வருவார்கள், வாசலில் மைக் செட் பாடும். என்ன பாட்டு என்பதை எப்போதும் ஆண்கள்தான் முடிவு செய்வார்கள். அந்த வருஷம் ரிங் பிரேம் பெண்கள் நாங்கள் சண்டை போட்டு, ஒரு கேசட் எங்கள் இஷ்டத்துக்கு என்று வாங்கினோம். "சனம் எந்திரிச்சுப் போச்சுன்னா, பொறவு மைக் செட் பக்கமே வரக்கூடாது" என்று ஆண்கள் நிபந்தனை போட்டார்கள். கேசட் கொண்டுவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சினிமாப் பாட்டு வரும் என்று எங்கள் பெண்கள் நம்பியிருந்தார்கள். நான் கொண்டுபோனது இதை. பஸ்ஸில் வரும்போதே வீட்டுக்காரர், "மானத்த வாங்கிராத" என்றார்.

போட்டு அரை நிமிஷத்தில் மைக் செட்காரத் தம்பி நிறுத்திவிட்டான். "அக்கா, டேப்பு சிக்கிருச்சு போல."

"சிக்கல. நீ ஓடவிடு."

மறுபடி ஓடியது. வந்திருந்த விருந்தாளிகள் காதைப் பொத்தினார்கள். ஆண்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். எங்கள் பெண்களோ என்னைப் பார்த்தார்கள். இவர்கள் போராடி வாங்கியதை நான் ஒருத்தி தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

அப்போது ஷெட்டுக்குப் பின்னாலிருந்து, கோம்பர் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி அண்ணாச்சி, கையில் பொரிகடலையோடு, தலைதெறிக்க ஓடி வந்தார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கோம்பர் ஷெட் கதவைத் திறந்துகொண்டு உள்ளே பாய்ந்தார். செத்த நேரத்தில் வெளியே வந்து, "ஏலே, பூசையன்னிக்கு மிஷின ஓட்டுனவன் எவம்லே? நான் வாரதுக்குள்ள நிப்பாட்டிட்டானா?" என்று கத்தினார்.

அடி மட்டும் நிற்கவில்லை. அது ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. கூட்டமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பெட்டிக்கு முன்னால் போய், மிஷினைச் சோதிக்கிற மாதிரியே அதன் மேல் கையை வைத்துக் கேட்டார். பிறகு, "ஒரு அடி பிசகல. நல்ல கண்டிசன்ல ஓடுது. யாரு மெயின்டனன்ஸு?" என்றார்.

அதற்குமேல் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. ஒரு பக்கம் முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போடச் சொன்னதே ஆண்கள்தான்.

எங்கள் பெண்கள் ஆட ஆரம்பித்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு எட்டு பக்கவாட்டில், குனிந்து ஒரு விரல், ரிங் பிரேமில் அறுந்த இழையைப் பிடித்து ஒட்டுகிற அதே கை. இருபது பேரும் ஒரே தாளத்தில். நான் பெருமையோடு ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ்காரர் ஒருத்தர் என்னருகில் வந்து, தொண்டை கிழிய, "என்ன டான்ஸும்மா இது? எங்க கத்துக்கிட்டாங்க?" என்று கத்தினார். நாங்கள் மில் இரைச்சலில் கத்துகிற ஆட்கள் இல்லை. வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். நானும் வாயை மட்டும் அசைத்து, "உள்ள" என்றேன்.

அவர் காதைப் பக்கத்தில் கொண்டுவந்தார், ஒன்றும் விளங்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் என் வாயசைவைப் பார்த்து மில் ஷெட்டைக் கைகாட்டினார்கள்.