பதினொன்று, மூன்று, எக்ஸ்பிரஸ்

அவர் கூரியர் அலுவலகத்தில் அவசரப் பார்சல்களுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்ற சிவப்புச் சீட்டு ஒட்டுபவர். யாரையும் எளிதில் நம்ப மாட்டார். கடைக்காரர் சிரித்துப் பேசினாலே எடையில் கைவைத்துவிட்டாரோ என்று யோசிப்பார்.

குழந்தைக்கு ஐந்து மாதம் ஆனதும் மனைவி தையல் ஆலைக்கு மறுபடி போக ஆரம்பித்தாள். பகலில் குழந்தையை அவளுடைய அக்கா பார்த்துக்கொண்டாள்.

ஒருநாள் பேனா தேடி மனைவியின் பையைத் துழாவியவருக்கு ஒரு துண்டுச்சீட்டு கிடைத்தது. யாரோ ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தார்கள்: ‘எக்ஸ்பிரஸ், 11, 3. மறக்காதே.’

பார்சல் இல்லையென்றால் ரயில். அவருக்குத் தெரிந்த எக்ஸ்பிரஸ் அவ்வளவுதான். பதினொன்றே காலுக்கு ஒரு ரயில் இருப்பதை விசாரித்துத் தெரிந்துகொண்டார். அன்றிரவே மனைவியிடம் கேட்டார்.

“பதினோரு மணிக்கு ஆலையில உனக்கு என்ன வேலை?”

“தைக்கிற வேலைதான். ஏன்?” அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது போதாதா அவருக்கு?

மறுநாள் விடுப்பெடுத்து ஆலையின் பக்கச் சந்தில் நின்று, ஜன்னல் வழியே பார்த்தார். சரியாகப் பதினொன்றுக்கு எழுந்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். காவலாளியிடம் ஏதோ பொய் சொல்லி உள்ளே ஓடிக் கதவைத் தட்டினார். கதவைத் திறந்தவர் ஆலையின் நர்ஸ்.

சீட்டை நீட்டினார். “இப்ப உள்ளே வந்தாளே, நான் அவ வீட்டுக்காரன். இதை எழுதினது யாரு?”

“நான்தான். தாய்ப்பாலைப் பிழிஞ்சு எடுக்கிறதுக்கும் இங்கிலீஷ்ல எக்ஸ்பிரஸ்னுதான் பேரு. பதினொண்ணுக்கும் மூணுக்கும் வந்து, மறுநாள் குழந்தைக்குக் கொடுக்க எடுத்துவெக்கிறா.”

“எங்கிட்ட ஏன் மறைக்கணும்?”

“பவுடர் பால் போதும், வேலைக்குப் போற எடத்துல இதெல்லாம் எதுக்குன்னு கத்தினீங்களாமே?”

கத்தியது உண்மைதான்.

“மனசுல இருக்கிறதை வெளிய சொல்றதுக்கும் அதே வார்த்தைதான், சார். அதையும் கொஞ்சம் செஞ்சு பாருங்க.”

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி வந்தாள். சீட்டைப் பார்த்தாள். “என் பையைத் துழாவினீங்களா?”

“நீ ரயிலேறிப் போயிடுவியோன்னு…”

நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. நேராகத் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை.

மூன்றாம் நாள் மாலை ஆலை வாசலில் போய் நின்றார்.

“தப்பு என்மேலதான். ரொம்பப் பயந்துட்டேன்.”

“பயமா இருக்குன்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே,” என்றாள். அன்று எடுத்த பால் இருந்த பையை அவர் கையில் கொடுத்தாள். அக்கா வீடுவரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள்.

மறுநாள் அவர் வேலைக்கு அரைமணி நேரம் தாமதம். அக்கா வீட்டில் குழந்தையை மடியில் வைத்து, கடைசிச் சொட்டுவரை அவரே புகட்டிவிட்டுத்தான் எழுந்தார்.