எங்கள் ஊரில் மருந்து என்றால்

நல்ல நாவலாக ஒன்று சொல்லு என்று யார் கேட்டாலும் ஒரே ஒரு நாவலைத்தான் சொல்வேன். அப்பா செத்துப்போன ஒரு வீட்டின் கதை. அவர் மிச்சம் வைத்துவிட்டுப் போன மருந்தைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசு வராது. பிள்ளைகள் தேடத் தேட, அரிசிப் பானைக்குள் ஒளிப்பாள், தலையணை உறைக்குள் ஒளிப்பாள், சாமி படத்துக்குப் பின்னால் ஒளிப்பாள். முதல் தடவை படித்தபோது விழுந்து விழுந்து சிரித்தேன். கடைசிப் பக்கத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது சிவகாசியில் ஓர் அச்சாபீசில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. மதினி அழவே இல்லை. சோறு போடுவாள், மூத்தவனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவாள், பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அதைப் பார்க்கவே பயம். ஒரு தடவை சிரிக்கட்டும், ஒரு தடவை அழட்டும் என்றுதான் புத்தகத்தைக் கொடுத்தேன்.

"படிங்க மதினி, சிரிப்பா இருக்கும்."

மறுநாள் மத்தியானம் ஒரு வெடி லேபிளைத் திருத்தும்போதுதான் உறைத்தது. எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்து. காய்ச்சலுக்குத் தின்பது மாத்திரை. அண்ணன் போனதும் மருந்து கலக்கும் ரூமில்தான். அந்த நாவலிலோ பக்கத்துக்குப் பக்கம் மருந்து. அட அறிவு கெட்டவளே, நீயெல்லாம் புரூஃப் பார்க்கிறவளா!

அதைப் படித்துவிட்டு மதினி ஏதாவது செய்துகொண்டால்? செல்போன் அப்போது எங்கள் வீடுகளுக்கு வரவில்லை. சைக்கிளை மிதித்தேன். வேகத்தில் பெடல் இரண்டு தடவை நழுவியது.

மதினி வாசல்படியில், மடியில் புத்தகத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, அந்தப் பொம்பளைக்குக் கிறுக்கா? மருந்தப் போயி அடுப்படியில வைக்காளே! ஒரு பொறி பட்டா வீடே போயிருமே!"

எனக்கு உயிர் வந்தது. "ஐயோ மதினி, அது மாத்திரை, டானிக்கு!"

"மாத்திரையா?" சிரிப்பு நின்றது. "அப்ப நாந்தான் கிறுக்கியா?"

வீட்டுக்குள் பரணைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

"உங்க அண்ணன் சீசனுக்கு வீட்ல வச்சு வெடி செய்யணும்னு ஒரு டப்பா மருந்து கொண்டாந்தாக. அவுக வச்சது அங்கனயே இருக்கு. எடுக்க மனசு வரல."

பரணுக்கு நேர் கீழே சின்னவள் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலடி தள்ளி அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஆறு மாதமாக இப்படியேதான். அடுப்பில் தண்ணீரை ஊற்றினேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதினியை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினேன்.

அடுத்த தெருவில் வேறொரு கம்பெனியின் போர்மேன் இருந்தார். கூப்பிட்டதும் அவர் வந்து எங்களைத் தூரமாகப் போகச் சொன்னார். உள்ளே அவர் இருந்த நேரம் முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரு பழைய பால்பவுடர் டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார். ஊருக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிடுவதாகச் சொன்னார்.

மதினி அவர் பின்னாலேயே ஓடினாள்.

"அண்ணே, மருந்தக் கொண்டு போயிருங்க. டப்பாவ மட்டும் குடுத்துருங்கண்ணே. அவுக கையால மூடுன டப்பா." அதைச் சொல்லிவிட்டுத்தான் தெருவில் உட்கார்ந்து, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக, வாய்விட்டு அழுதாள்.